பச்சைப் பட்டை

கோடை முகாமை மதிப்பிட வந்த அதிகாரி பெனடிக்ட் கணினிப் பலகையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. பிள்ளைகளைக் காட்டுக்குள் அழைத்துப்போகும் செவ்வந்தி அவர் எதிரே நின்றிருந்தாள். பிள்ளைகளின் மணிக்கட்டில் இருக்கும், வியந்தால் பச்சையாகும் வியப்புப் பட்டை அருவியைக் கண்டும் பச்சையாகவில்லை, மலையணிலைக் கண்டும் பச்சையாகவில்லை. இந்த வருடமும் தேறாவிட்டால் முகாமை இழுத்து மூடிவிடுவார்கள்.

"நேத்து சாயந்திரம் எல்லாப் பட்டையும் ஒண்ணா பச்சை ஆயிருக்கே மேடம்! இந்த மலையில எந்த முகாமும் இவ்வளவு பச்சை வாங்கினதில்ல. அப்படி என்ன காட்டுனீங்க?" என்றார் பெனடிக்ட்.

நேற்று மாலை கூடாரங்களுக்கு நடுவே காட்டெருமை ஒன்று புகுந்துவிட்டது. பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள். விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்ட சிறுமி ஆதிரை, செவ்வந்தியின் துப்பட்டாவை இன்னும் விடவில்லை.

மறைக்க மனம் வரவில்லை. "காட்டெருமை வந்துடுச்சு சார். வேலிக் கதவைப் பூட்ட மறந்துட்டோம். பசங்க ரொம்ப பயந்துட்டாங்க."

"பயமா? பட்டை அப்படிச் சொல்லலையே." பெனடிக்ட் சிரித்தார். "இன்னைக்கும் கதவு திறந்தே இருக்கட்டும்."

ஆதிரை துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு செவ்வந்தியின் பின்னால் ஒளிந்தாள். அவள் மணிக்கட்டிலிருந்த பட்டை பளிச்சென்று பச்சையானது.

"பாத்தீங்களா மேடம், சொன்னதுமே பாப்பாவுக்கு எவ்வளவு சந்தோஷம்!"