நடு ஆற்றில் மான்

ஆந்தை சொன்ன கதையில் மான் ஆற்று வெள்ளத்தில் செத்துப்போகும். கிளிக்கு மனசு கேட்கவில்லை. அதே மானை வைத்துத் தன் போக்கில் பத்துப் பதினைந்து கதை கட்டியது, ஒன்றிலும் சாகவிடவில்லை. கடைசிக் கதையில் மான் நடு ஆற்றில் தத்தளிக்கும்போது, "மிச்சத்தை நாளைக்குச் சொல்றேன்" என்று பறந்ததுதான், திரும்பவில்லை.

பல வருஷம் கழித்து, அந்தக் கதைகளைக் கேட்டிருந்த ஆமையைப் பார்த்ததும் கிளிக்கு வெட்கமாகிவிட்டது. "அதையெல்லாம் நினைச்சாலே கூசுதுக்கா. ஆந்தையோட மானை வச்சு என்னென்னமோ உளறியிருக்கேன்."

"எங்க வீட்டுக்காரர் தினமும் உன் மரத்தடியில வந்து காத்துக் கிடந்தார்," என்றது ஆமை. "கண்ணை மூடுற அன்னைக்கும் கேட்டார், மான் கரையேறிடுச்சான்னு."

கிளி தாழ இறங்கி வந்தது. "நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கென்ன கதை கட்டத் தெரியும்? ஏதோ தட்டுத்தடுமாறிக் கரையேத்திட்டேன்."