அரை அங்குலம் இடது பக்கம்

"எவ்வளவு காட்டுது?"

மொட்டை மாடியிலிருந்து இன்ஜின் டிரைவர் கேட்ட இந்தக் கேள்வியில், நாலு தெரு தள்ளி உட்கார்ந்திருந்த புறாக்கள் ஊரையே காலி செய்துவிட்டுப் போயின.

"நூத்துக்கு இருபது!" என்றாள், கூடத்தில் சிக்னல் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்த மனைவி.

அவர்தான் ஓய்வு பெற்றிருந்தார். அவருடைய பிடிவாதம் இன்னும் பணியில் இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு மகளுக்குக் கம்ப்யூட்டரில் வேலைக்கான இன்டர்வியூ. இந்தத் தெருவுக்கு இன்டர்நெட் வரவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் மச்சான் வீட்டுக்கு வந்துவிட்டது. அவர் மாடியில் ஒரு ஆன்டெனா, இவர் மாடியில் ஒரு ஆன்டெனா. இரண்டும் நேருக்கு நேர் முகம் பார்த்துக்கொண்டால் சிக்னல் ஏரியைத் தாண்டி வந்துவிடும்.

முகம் பார்ப்பதில்தான் சிக்கல். மச்சான் தையற்காரர். பணி ஓய்வு விழாவுக்கு அவர் தைத்துக் கொடுத்த கோட்டில் இடது கை அரை அங்குலம் குட்டை. அன்றோடு நின்ற பேச்சு, ஒன்பது வருடமாகியும் தொடங்கவில்லை.

"உன் தம்பியை ஆன்டெனாவை இடது பக்கம் திருப்பச் சொல்லு!"

மனைவி போனில் சொன்னாள். "எவ்வளவுன்னு கேக்கறான்!"

"அரை அங்குலம்! அரை அங்குலம்னா என்னன்னு அவனுக்குத் தெரியுமான்னு கேளு!"

கேட்டாள். பதிலும் வந்தது. "டேப்பு பொய் சொல்லாதாம். உங்க கைதான் ஒண்ணு நீளமாம்!"

சாயங்காலத்துக்குள் இவருடைய ஆன்டெனா வானத்தை இரண்டு சுற்று சுற்றி முடித்திருந்தது. சிக்னல் இருபதிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. மனைவி படியேறி வந்து போனை நீட்டினாள்.

"நடுவுல கத்திக் கத்தி என் தொண்டை போச்சு. நீங்களே பேசுங்க. இல்லன்னா பொண்ணோட வேலையை மறந்துடுங்க."

போனைப் பாம்பைப் பிடிப்பதுபோல் பிடித்தார். "ம்... நான்தான்."

"தெரியுது அத்தான். போன் இல்லாமலே கேக்குது."

"நாப்பது!" என்று கீழே போய்ச் சேர்ந்த மனைவியின் குரல் வந்தது.

"டேய், ஏறுதுடா! அப்படியே பிடி!"

"பிடிச்சுட்டேன். அத்தான்... அந்தக் கோட்டை என்ன பண்ணீங்க?"

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு ஏரியைப் பார்த்தார்.

"ஐயோ, முப்பது! இறங்குது!"

"பத்திரமா இருக்குடா!" என்று அலறினார். "இடது கையை பாக்கெட்டுல விட்டுக்கிட்டே முப்பது கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போயிட்டேன்!"

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. இந்தப் பக்கமும்.

"எழுபது!"

"ஸ்பேனரை எடுத்துக்கிட்டு நானே வர்றேன் அத்தான். கோணல் உங்க பக்கம்தான்."

"வந்து காட்டுடா பார்ப்போம்! ராத்திரி சாப்பாடும் இங்கதான், சொல்லிட்டேன்!"

"தொண்ணூறு!"

உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் கூடத்துக்கு ஓடி வந்தாள். "தொண்ணூறா! எங்கேம்மா, காட்டு!"

"சத்தம் போடாதே," என்றாள் அம்மா. "பெட்டிக்கு இன்னும் பிளக்கே சொருகலடி."