மகளின் ஸ்லைடு

மகளின் கழுத்துச் சதையை அவள் மூன்றாவது முறையாகச் சீவினாள். பதினெட்டு வருஷமாக ஊரார் சதையை அலட்டிக்கொள்ளாமல் சீவிய கைதான் அது.

மகள் என்னவோ இந்நேரம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் தூங்கி வழிந்துகொண்டிருப்பாள். அவள் கழுத்துக் கட்டியிலிருந்து போன வாரம் எடுத்த பயறு அளவுத் துண்டுதான் இங்கே சீவுவதற்காக மெழுகுக்குள் பதிந்திருந்தது. வேலை பார்ப்பவர்கள் தங்கள் சொந்தக்காரர் துண்டைத் தொடக்கூடாது என்பது அந்தப் பரிசோதனைக்கூடத்தின் வழக்கம். பெற்றவளோ வேறு யாரையும் நம்பவில்லை. சீவலை ஒட்டும் கண்ணாடி ஸ்லைடில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான் என்பதால் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள்.

துண்டின் எந்தப் பக்கம் அடியில் இருக்கும்படி மெழுகில் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மாற்றி வைத்தால் பார்க்க வேண்டியது கண்ணில் படாமலே போய்விடும். அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அன்றைக்கு ஆரம்பமே சரியில்லை. பஸ்ஸில் வரும்போது பளிச் பளிச்சென்று இரண்டு முறை மின்னல் வெட்டியது. குடை எடுக்காமல் வந்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நல்லவேளை, ஒரு சொட்டு மழை இல்லை. வெயில்தான் மண்டையைப் பிளந்தது.

முதல் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தாள். ஊதாவும் ரோஸுமான சாயத்துக்கு நடுவே, வாலோடு ஒரு கறுப்புப் புள்ளி. ஸ்லைடை இடப்பக்கம் நகர்த்தினாள், அங்கேயும் இருந்தது. வலப்பக்கம் நகர்த்தினாள், அங்கேயும் இருந்தது. புற்று இடம் விடாமல் பரவிவிட்டது என்று நினைத்தாள்.

துண்டைத்தான் சரியாக வைக்கவில்லையோ என்று மெழுகை உருக்கி, திருப்பி வைத்து, மறுபடி சீவிச் சாயம் ஏற்றினாள். கறுப்பு போகவில்லை. இதற்குள் வீட்டுக்காரர் மூன்று முறை போன் பண்ணிவிட்டார். எடுத்தால் அழுதுவிடுவோம் என்று எடுக்கவில்லை.

மூன்றாவது ஸ்லைடிலும் அதே கதைதான். இனி மறைத்து என்ன பயன் என்று அதை டாக்டரின் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். டாக்டர் அவளைவிடப் பத்து வயது சின்னவள். அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள்.

குனிந்த டாக்டர் நிமிர்வதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"வெறும் நெறிகட்டல்தான்க்கா. தானா வத்திடும்."

"எங்கிட்ட மறைக்காதீங்க டாக்டர். அது என் பொண்ணோடது."

"ஐயோ, முதல்லயே சொல்றதுக்கு என்னக்கா? சத்தியமா ஒண்ணுமில்ல."

"அப்ப அந்தக் கறுப்பு?"

"எந்தக் கறுப்பு?"

டாக்டர் எழுந்து தன் நாற்காலியில் அவளை உட்கார வைத்தாள்.

"இதோ இருக்கே, வாலோட. எங்க நகர்த்தினாலும் கூடவே வருது!"

டாக்டர் சத்தமில்லாமல் ஸ்லைடை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். "இப்ப?"

"இப்பவும் இருக்கு."

"தலையத் தூக்கி அந்த வெள்ளைச் சுவத்தப் பாருங்க."

பார்த்தாள். சுவரிலும் அந்தப் புள்ளி வாலை ஆட்டிக்கொண்டு மிதந்தது. ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. டாக்டர் கையில் இருந்த ஸ்லைடைப் பார்த்த பிறகுதான், புள்ளி தன் கண்ணுக்குள் இருப்பது மண்டையில் ஏறியது. நாளெல்லாம் அடக்கி வைத்திருந்தது சிரிப்பும் அழுகையுமாக வெடித்தது.

"அப்பாடா, எம் பொண்ணுக்கு ஒண்ணுமில்ல! நான் ஒரு பைத்தியம், எதையோ பாத்துப் பயந்துட்டேன்!"

டாக்டர் சிரிக்கவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"கண்ணாஸ்பத்திரிக்கு வாங்கக்கா, விழித்திரை கிழிஞ்சிருக்கலாம், லேட் பண்ணா பார்வை போயிடும்."