சக்கரத்தடி எலுமிச்சை

வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த காரின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார் நம்மூர் சிதம்பரநாதன்.

கார் நடுங்குவதைப் பார்த்த பழம், "பயப்படாதே. உனக்கு வர்ற கண்டத்தை நான் வாங்கிக்கிறேன்" என்றது.

"இந்த ஊர்ல வண்டியெல்லாம் ரோட்டுக்கு வலப்பக்கம்தான் போகணும். அது இவருக்குத் தெரியுமா?"

"ராகுகாலம் முடியட்டும்னு இவ்வளவு நேரம் காத்திருந்தவர். இதுகூடத் தெரியாமலா இருக்கும்?"

சிதம்பரநாதன் கும்பிட்டுவிட்டு ஏறினார். பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பிய கார், சாலையில் இடப்பக்கமாகவே ஓடியது.

"ஐயா, அந்தப் பக்கம் போங்க" என்று கார் கெஞ்சியது. அவருக்கு இன்ஜின் சத்தம்தான் கேட்டது.

வளைவில் அதே பக்கத்தில் ஒரு லாரி நேரே வந்தது. நசுங்கிய பழம் பார்த்துக்கொண்டே கிடந்தது.

லாரியை ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்தார் சிதம்பரநாதன்.