பதினோராவது துணி

தையல் போடும் முன் நர்ஸ் செலின் துணிகளைத் தரையில் விரித்து எண்ணினாள். ரத்தம் ஒற்ற, ஆபரேஷன் மேசையில் கிடந்த பெண்ணின் வயிற்றுக்குள் வைத்தவை பத்து. வெளியே வந்தவை பதினொன்று. பதினோராவது, கட்டி என நினைத்து வெட்டியெடுத்த உருண்டைக்குள் மஞ்சளேறி மடிந்துகிடந்தது.

“எந்தப் புண்ணியவதி எண்ணுனா?” என்றார் டாக்டர். “இவங்களுக்கு சிசேரியன் எங்க நடந்துச்சு?”

“இங்கதான் சார். ஆறு வருசம் ஆச்சு.”

“பழைய ஃபைலை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. எண்ணுனவங்க கையெழுத்து இருக்கும்ல?”

“இருக்கும் சார்.”

செலின் இன்னொரு முறை எண்ணினாள். படிவத்தில் ‘பதினொன்று’ என்று எழுதினாள். கீழே, பழைய ஃபைலில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, எழுத்து எழுத்தாக, நிதானமாகத் தன் கையெழுத்தைப் போட்டாள்.