மறுபடியும் அதே தப்பு

"அக்கா, இன்னைக்கும் திருப்பி அனுப்பிட்டாங்க! கட்டின புருஷன் எழுதின கம்ப்யூட்டர் கோடுன்னுகூடப் பாக்கலை!"

டெஸ்டிங் பார்க்கிறவர் காபிக் கோப்பையோடு வந்து நின்றார். வம்பு கிடைத்தால் அவருக்குச் சாப்பாடுகூட வேண்டாம்.

டீம் லீடர் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். அந்த ஆபீஸில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர்தான் 'அக்கா'. ஆபரேஷன் செய்யும் டாக்டர் நோயாளியின் உடலுக்குள் நடப்பதைத் திரையில் பார்ப்பதற்கான வீடியோ மெஷின் அவருடைய பொறுப்பு. நாளைக் காலையில் அது ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

அதை இயக்குகிற 'டிரைவர்' என்ற புரோகிராமில் ஒரே ஒரு மாற்றம்தான் பாக்கி. எழுதுவது கணவன். சரிபார்த்து ஓகே சொல்ல வேண்டியது மனைவி. அந்த டிரைவரை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவர்கள் அந்த ஆபீஸிலேயே இவர்கள் இரண்டு பேர்தான். அவள் ஓகே சொல்லாமல் ஒரு புள்ளிகூட உள்ளே போகாது.

"எல்லாம் வீட்டுச் சண்டைக்கா." டெஸ்டிங்காரர் குரலைத் தாழ்த்தினார். "போன வாரம் சொந்தக்காரங்க எல்லாம் கூடின இடத்துல, அம்மணி எப்படிக் குறட்டை விடுவாங்கன்னு இவர் மைக்கைப் பிடிச்சு நடிச்சுக் காட்டியிருக்கார். கூட்டமே விழுந்து விழுந்து சிரிச்சுதாம். அன்னைக்கே பெட்டியைத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. இப்போ பழிவாங்கறாங்க!"

குறட்டைக்குப் பழிவாங்க என் மெஷின்தானா கிடைத்தது? அக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. விறுவிறுவென்று அவள் மேஜைக்குப் போனார்.

"ஏம்மா, சண்டையை வீட்டோட வெச்சுக்கக் கூடாதா? பாவம், அந்தப் புள்ளை எத்தனை தடவைதான் எழுதுவான்?"

அவள் திரையை அக்கா பக்கம் திருப்பினாள்.

"நீங்களே பாருங்க. கேமரா படத்தைக் கொண்டுவந்து வைக்கிற இடமும், அதைத் திரைக்கு எடுத்துட்டுப் போற இடமும் ஒண்ணுதான். ஒருத்தர் தொடும்போது இன்னொருத்தர் தொடக் கூடாதுன்னு லாக் போடறோம். அவரும் போட்டிருக்கார். ஆனா நடுவுல ஏதாவது கோளாறு வந்தா, லாக்கை எடுக்காமலே வெளியே வந்துடறார்."

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். நிஜம்தான். பாத்ரூமை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஜன்னல் வழியாக வெளியேறின கதை. அடுத்து வருகிறவர் கதவைத் தட்டிக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

"இதை விட்டிருந்தா ஆபரேஷன் நடுவுல டாக்டருக்குப் படம் அப்படியே நின்னுடும்," என்றாள் அவள்.

"நேத்து?"

"நேத்தும் இதே தப்பு. வேற இடத்துல."

"முந்தாநாள்?"

"அன்னைக்கும்தான். அவர் இப்படி எழுதற ஆளே இல்லைக்கா. தூங்கறாரா, சாப்பிடறாரான்னே தெரியலை."

"நீயே கேக்க வேண்டியதுதானே?"

"நானா? நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கினவர்கிட்டயா? பேசவே மாட்டேன்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவளையா வந்து அதட்டினோம்! வேலையில் குறியாக இருப்பவள் இவள்தான். மனசு உடைந்து கிடப்பவன் அவன்.

நேராக அவனைக் கூட்ட அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"தம்பி, உன்னைக் குறை சொல்லலை. மனசு சரியில்லைன்னா யாருக்கும் கை ஓடாது. அரைகுறையாத் தெரிஞ்சவரா இருந்தாலும் பரவாயில்லை, இந்த வேலையை நான் வேற ஆள்கிட்ட கொடுத்துடறேன். நீ ரெண்டு நாள் லீவு போட்டுட்டு நிம்மதியாத் தூங்கு."

அவன் பதறிப்போனான்.

"ஐயோ அக்கா! வேற ஆள்கிட்டயா? என் குடியைக் கெடுத்துடாதீங்க!"

"பின்னே? காலையில மெஷின் போகணும். நீ திரும்பத் திரும்ப அதே தப்பைப் பண்ணிட்டிருக்கே."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். மடிக்கணினியைத் திறந்து அக்கா முன்னால் தள்ளினான்.

அக்கா வரி வரியாகப் படித்தார். அதே மாற்றம். போட்ட லாக்கெல்லாம் கோளாறு வந்தாலும் வராவிட்டாலும் ஒழுங்காக எடுக்கப்பட்டிருந்தது. மெஷினில் ஓட்டிப் பார்த்து எல்லாச் சோதனையும் தேறியிருந்தது. எழுதி முடித்த தேதியைப் பார்த்தார். அவள் முதல் தடவை திருப்பி அனுப்பிய தேதிக்கு முந்தின நாள்.

"அடப்பாவி! சரியானதைக் கையில வெச்சுக்கிட்டா தப்பானதை அனுப்பிட்டிருக்கே? அவ பாக்காம ஓகே சொல்லியிருந்தா?"

"அவ கண்ணுல படாம ஒரு தப்பு போயிடுமா அக்கா?" பெருமை தாங்காமல் கேட்டான். "இன்னைக்குச் சாயந்திரம் இதைத்தான் அனுப்பப் போறேன். சத்தியமா."

"அதை முதல் நாளே அனுப்பறதுக்கு என்ன கேடு?"

அவன் தலையைச் சொறிந்தான். காது வரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறா. மன்னிப்புக் கேட்டு அனுப்பின மெசேஜுக்குப் பதிலே கிடையாது. கோடுல தப்பு இருந்தா மட்டும் உடனே எழுதறா, அக்கா. முதல் நாள் 'தவறு'ன்னு ஒத்தை வார்த்தை. நேத்து நாலு வரி திட்டு. இன்னைக்கு, 'முதல்ல சாப்பிட்டுட்டு வந்து எழுதுங்க'ன்னு போட்டிருக்கா!"