கடைசி வரிசை விளக்கு

விமானி காலையில் ஷேவ் செய்தான், சட்டையைத் தேய்த்தான், காபி குடித்தான். மனைவி இறந்த பதினெட்டாம் நாள் மறுபடி வேலைக்குப் போனான்.

நடுவானில் ஒயர் கருகும் வாடை வந்தது. பின்னால் நூற்றெண்பது பேர் இருந்தார்கள். பயணிகள் பகுதிக்குப் போகும் மின்சாரம் முழுவதையும் துண்டித்தான்.

பணிப்பெண் வந்தாள். "எல்லா லைட்டும் அணைஞ்சிருச்சு சார். கடைசி வரிசையில ஒண்ணு மட்டும் எரியுது. ஆளே இல்லாத சீட்டு."

வாடை அடங்கியது. விமானத்தைப் பத்திரமாக இறக்கினான்.

மெக்கானிக் அந்த விளக்கைக் கழற்றினார். "இதுக்கு ஒயரே இல்ல. யார் காதுல சார் பூ சுத்துறீங்க?" விளக்கு இன்னும் சூடாக இருந்தது.

அன்று மருத்துவமனையில், மனைவி தூங்கிவிட்டாள் என்று நினைத்து அவன் சுவிட்சைத் தொட்டபோது அவள் கடைசியாகச் சொன்னாள்: "நான் இன்னும் இருக்கேன்டா. அதுக்குள்ள ஏன் லைட்ட அணைக்கிற?"